புகைமூட்டத்தில் தொடங்கிய படம்

பகாவ், பழைய பாசார் வீதி.
கீழே டயர் கடை. மேலே நானும்
டர்பன்டைன் வாடையும்.
சுமத்ராவில் எதுவோ எரிந்ததில்
பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் விடுமுறை.
செம்பனை மரமெல்லாம் தண்ணீர் ஊற்றிய பால் நிறம்.
சூரியனை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது,
பாதி கரைந்த மாத்திரை.

இருமிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.
விளிம்பில்லாத நிழலுக்கு
எத்தனை வருஷக் காத்திருப்பு.

அந்தச் சனிக்கிழமை பூங்காவனம் அக்கா வந்தார்,
கையுறை ஃபேக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து,
நகக்கண்ணெல்லாம் வெள்ளைத் தூளோடு.
"உக்காந்தா போதுமா? சிரிக்க வேணாமா?"
பத்தாவது நிமிடம் தூங்கிப்போனார்.
தூங்குகிற முகத்தில் வெளிச்சம் எங்கே முடிகிறது?
மூன்று மணி நேரம் தேடினேன்.

ஆ லியோங் கடையில்
'தோல் நிறம்' என்றே ஒரு டியூப் உண்டு.
இந்த ஊரில் அந்த நிறத்தில் ஒருவரும் இல்லை.
நான் கலந்தது சுட்ட பழுப்பு, காவி,
ஊசிமுனையளவு நீலம்.
வெள்ளையில் மட்டும் கஞ்சத்தனம்.

அடுத்த சனி, தங்கை தெய்வானை.
அதே நாற்காலி.
லயத்து வீட்டு நஷ்டஈட்டில்
எட்டாயிரம் வெள்ளி யாருக்கென்று தீராமல்
இருவருக்கும் ஆறு வருஷமாய்ப் பேச்சில்லை.
அதற்குள் மழை ஊரைக் கழுவிவிட்டிருந்தது.
ஜன்னலில் வெயில் தீட்டிய கத்தி.
மூக்கின் நிழல் கன்னத்தில் தார் மாதிரி கிடந்தது.
ஒரு படத்துக்குள் இரண்டு வானிலை எப்படி வைப்பது?
கட்டில் விரிப்பை உருவி
ஜன்னலில் ஆணியடித்தேன்.
"சாவு வீடு மாதிரி இருக்கு, தம்பி."
இருந்தது.
கன்னம் மட்டும் மெத்தென்று ஆகியிருந்தது.

சிவப்புச் சேலை கட்டி வந்திருந்தார்.
துணியில் அது மழையில் நனைந்த பழைய செங்கல்.
"என் செவப்ப எங்கடா திருடின?"
காதோரம் கொஞ்சம் வைத்திருந்தேன்.
காட்டவில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு கையகலம் வெறுமை,
என்ன பூசினாலும் காலி நாற்காலியாகவே தெரிந்தது.
அக்காவின் தோள் நிழலை இழுத்து
தங்கையின் மடிவரை விட்டேன்.
வெளிச்சத்தின் கணக்குப்படி அது தப்பு.

பூங்காவனம் அக்கா வந்து பார்த்தார்.
நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
"இவ எளைச்சிட்டாளா,
இல்ல நீ எளைக்க வச்சியா?"

"எளைச்சிட்டாங்க."

கீழே யாருடைய டயருக்கோ காற்று ஏறிக்கொண்டிருந்தது.
அது நிற்கும்வரை அவரும் நின்றார்.

விரிப்பை இன்னும் கழற்றவில்லை.
வெறும் மெத்தையில்தான் படுக்கிறேன்.