சாவிக்கொத்து

கூலிம் தொழிற்பேட்டையில், மூன்றாம் லைனுக்கு
ஆள் எடுக்கும் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி.
புதன்கிழமை வந்தவன் பெயர் சர்வீன்.
பாடாங் செராய் முகவரி. நான் படித்த அதே தமிழ்ப்பள்ளி,
அதே இடைநிலைப்பள்ளி.
கணிதத்தில் ஏ, அறிவியலில் ஏ,
புதுச்சட்டைக் காலரில்
விலைச்சீட்டு தொங்கிய பிளாஸ்டிக் நூல்.

மெஷினை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தேன்.
ஏன் நின்றிருக்கும்?
தப்பாக இருந்தாலும் பரவாயில்லை,
தோன்றியதைச் சொல் என்றேன்.
அவன் மெஷினைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தான்.
எழுந்து நின்று கைகட்டி
"தெரியாது டீச்சர்" என்றான்.

டீச்சர்.

பக்கத்து நாற்காலிப் பினாங்குக்காரர் சிரித்துவிட்டார்.
அவன் தோளுக்கு ஒரு முழம் தள்ளி
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
ரீல் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.
வீட்டில் கேஸ் தீர்ந்தால்
முதலில் கண்டுபிடிப்பவன் அவனாகத்தான் இருப்பான்.

சனிக்கிழமை மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.
நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் போனேன்.
இலாகா அதிகாரி திரையில் ஒரு ரோபோவைக் காட்டினார்,
அதற்கு நீலக்கண்.
உங்கள் பிள்ளைகள் செய்யப்போகும் வேலைகள்
இன்னும் பிறக்கவே இல்லை என்றார்.
முன்வரிசை கை தட்டியது.

அப்பா ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது
யாரும் கூட்டம் போடவில்லை.
பால்வெட்டும் கத்தியை வாங்கிக்கொண்டு
நீளக்கம்பில் கட்டிய அரிவாளைக் கொடுத்தார்கள்.
பதினாறு வருடத்தில் எனக்கு மூன்று மெஷின்.
முதலாவதற்குக் கையேடு ஜப்பானிய மொழியில்.
இரண்டாவதற்கு ஆங்கிலத்தில்.
இப்போதையதற்குக் கையேடே கிடையாது,
கட்டம் போட்ட ஒரு சதுரம்,
கைப்பேசியைக் காட்டினால் படம் ஓடும்.
இதையெல்லாம் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டேன்.

முதல் வருடம் ஒரு நட்டு கழன்று ஆடியதைப் பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
விடிவதற்குள் ஒன்பதாயிரம் போர்டு குப்பைக்குப் போனது.
ஏன் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர்.
நீங்கள் கேட்கவில்லையே என்றேன்.
பொய்யில்லை அது.
வாயில் விரல் வைத்து உட்கார்ந்ததற்காக
இரண்டாம் ஆண்டில் எனக்குப் பரிசு கொடுத்தார்கள்,
ஒரு கலர்ப்பென்சில் பெட்டி.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் அதிகாரி,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
எழுந்தேன்.
நாற்பது பேருக்கு ஷிப்ட் பிரித்துக் கொடுப்பவள் நான்.
என் கைகள் தாமாகவே
மார்பில் கட்டிக்கொண்டன.

அந்தக் கண்ணாடி அலமாரியில்
இருபது ரோபோப் பெட்டிகள் இருக்கின்றன,
போன வருடம் திறப்புவிழா நடந்தது,
மேலே சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் கிழியவில்லை,
சாவி யாரிடம்? என்றேன்.
நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

தலைமையாசிரியர் சுகுமாறன் நல்ல மனிதர்.
கோபப்படவில்லை. பாழாகிவிடும் என்றுதான் அம்மா, என்றார்.
மேசையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார்.
ஒன்று போட்டார். திறக்கவில்லை.
இன்னொன்று. அது கழிப்பறைச் சாவி.
அதிகாரி தண்ணீர் குடித்தார்.
மைக்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
ஒன்பதாவது சாவியில்
ஜன்னல் கம்பிக்கு வெளியிலிருந்து ஒரு குரல்:
"சாவி வேணாம் சார்.
கதவக் கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க."

தூக்கித் தள்ளினார்.
திறந்துகொண்டது.

பின்வரிசையில் ஒரு பெட்டி மட்டும் கிழிந்திருந்தது.
கிழிந்த இடத்தைச் செலோடேப்பால்
ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தார்கள்.
ஆட்டிப்பார்த்தார். உள்ளே தனித்தனியாய் உருளவில்லை,
முழுதாய் ஏதோ ஒன்று
கட்டி முடித்த கனத்தில் இடித்தது.

யார் இது? என்றார் சுகுமாறன்.
நிஜமாகவே வியப்பாகத்தான் கேட்டார்.
ஜன்னலில் இருந்த விரல்கள்
ஒவ்வொன்றாய்க் கம்பியை விட்டன.
என் மகளும் அங்கே நின்றாள்.
எல்லாரும் கைகட்டிக்கொண்டார்கள்.
யாருக்கும் தெரியாதாம்.

சர்வீனின் தாள் இன்னும் என் பையில்.
மதிப்பெண் கட்டம் காலி.
திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன்.
இந்தமுறை மெஷினை நிறுத்தப்போவதில்லை,
ஓடவிட்டு, ஒரு நட்டை மட்டும்
தளர்த்தி வைத்துவிட்டு,
நான் வெளியே போய்விடுவேன்.