நவம்பர் பக்கம்

தாராபுரம் பஸ்ஸில் இறங்கியதும்
கொப்பரை காயும் வாசம்.
ரவுண்டானா நடுவில் சிமெண்டுக் காளை,
இடக்கொம்பில் மட்டும் புதுப்பூச்சு.
போர்வெல் லாரி மோதியதாம்.
"லாரி ரெண்டு நாளு பட்டறைல கெடந்துச்சுங்க,
காளை இங்கியேதான் நின்னுச்சு"
என்றார் டீ ஆற்றுகிறவர்,
மகன் கலெக்டரான செய்தியைச் சொல்வதுபோல.

சிவகாசியிலிருந்து வருகிறேன்.
ஒரு பனியன் கம்பெனி காலண்டருக்கு
பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு காளை.
பதினொன்று எடுத்தாயிற்று.
நவம்பருக்கு இந்த ஊர்.

செல்போன் கடைப் பலகையில் காளை.
சலூன் கண்ணாடியில் காளை.
கல்யாண மண்டப பிளெக்ஸில்
மாப்பிள்ளையைவிடக் காளைக்கு இடம் அதிகம்,
பெண்ணுக்கு அதற்கப்புறம்.

சென்னியப்பன் புல்லட்டில் கூட்டிப்போனார்.
கிளுவை வேலி, கிளுவை வேலி, ஒரு கடவு,
மறுபடியும் கிளுவை வேலி.
வெள்வேல மரங்களுக்கடியில் கொழுக்கட்டைப் புல்
காய்ந்தும் காயாத நிறத்தில்.
வழியெல்லாம் வம்சம் சொன்னார்:
இவனோட அப்பன் கோயில் காளை,
ஆத்தா மூளிக்காதுக்காரி,
அவளைப் பெத்தவ சந்தைல மூணு நாள்
வெலை சொல்லாம நின்னவ,
அவளுக்கு அப்பன் மலையடிவாரத்துக் காரி...
ஐந்து தலைமுறை, மூச்சு வாங்காமல்.

"உங்க அப்பாரோட அப்பன் பேரு?" என்றேன்.

வண்டி மெதுவாயிற்று.
"ஊட்ல கேட்டுச் சொல்றனுங்."

செவலையாய்ப் பிறந்து
ஆறு மாதத்தில் மயிலையாய் மாறியவன்.
திமிலில் மட்டும்
அடுப்புக்கரியை உள்ளங்கையால் இழுத்துவிட்டதுபோல ஒரு கறுப்பு.
அவிழ்த்துக் கொண்டுவந்தவள் மாராயி,
சேலைமேல் ஆம்பளைச் சட்டை,
இடுப்பில் அடித்துக்கொண்டேயிருந்த போன்.
நாக்கை ஒரு சொடக்குச் சொடக்கினாள்.
நாலு காலும் நாலு மூலைக்குப் போய் நின்றன.
அப்படியொரு நிற்பை
பதினொரு மாதத்திலும் நான் பார்க்கவில்லை.

"கை தெரியுதுங்களே" என்றார் சென்னியப்பன்,
கேமராத் திரையைக் குனிந்து பார்த்து.
தெரிந்தது. நீலச்சட்டைக் கை, ரப்பர் வளையல்.
"தள்ளி நில்லு, மாராயி."
தள்ளினாள். காளையும் தள்ளியது.
இன்னும் தள்ளினாள்.
காளை நடக்கவே ஆரம்பித்துவிட்டது.
கடைசியில் அவரே கயிற்றை வாங்கி
துண்டைச் சரிசெய்து
மீசையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.
காளை பின்பக்கத்தை எங்களுக்குத் திருப்பி
நிதானமாகச் சாணி போட்டது.
மாராயி வேலியைப் பார்த்துத் திரும்பி
கிளுவை இலையை ஒவ்வொன்றாய்க் கிள்ளினாள்.
தோள் மட்டும் குலுங்கியது.

"பொறவு கம்ப்யூட்டர்ல எடுத்துருவீங்கல்ல?"
"எடுத்துரலாம்."

கிளம்பும்போது மாராயி கேட்டாள்,
காலண்டர் ஒன்று கிடைக்குமா என்று.
மகள் ஹாஸ்டலில் இருக்கிறாளாம்.
சுவர் காலியாம்.

விரல்களை எடுத்தேன். வளையலை எடுத்தேன்.
மண்ணில் விழுந்த நிழலை எடுக்க அரைநாள்.
கயிற்றில் கைவைத்தபோது
காளையின் முகமே வேறாகிவிட்டது,
எதையும் கேட்காத முகம்.
கன்ட்ரோல் இசட் அடித்து
கயிற்றை விட்டுவிட்டேன்.

நவம்பர் வந்தது.
டீக்கடையிலும் சலூனிலும் மண்டப ஆபீசிலும்
இப்போது அந்தப் பக்கம்தான் தொங்கும்.
மூக்கணாங்கயிறு விறைப்பாய் இறங்கி
யாருமில்லாத இடத்தில் முடிகிறது,
பதினேழாம் தேதிக் கட்டத்துக்கு ஒரு விரல்கடை மேலே.
ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்பிய தபாலில்
திருத்தாத படமும் ஒன்று வைத்திருந்தேன்.
போய்ச் சேர்ந்ததா தெரியாது.

நேற்று சென்னியப்பன் போன் செய்தார்.
பேரு கிடைச்சிருச்சுங்க, ராக்கியண்ணன்,
பழைய பத்திரத்துல இருந்துச்சு.
ரொம்ப நேரம் அதைப் பற்றியே பேசினார்.
வைக்கப்போகையில்தான் கேட்டார்:

"அதென்னங்க, பதினேழாந் தேதி ஏதாச்சும் விசேசமுங்களா?
காளை அதையே பாத்துட்டு நிக்குது."