முப்பத்திரண்டு மில்லிகிராம்

வெருலத்தில் மழை விட்ட சனிக்கிழமை.
கராஜ் கதவைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு
ஏர்கன்னைப் பிரித்துப் போட்டேன்:
சுருள்வில், பிஸ்டன், வாஷர்,
தொழிற்சாலைக்காரன் வாரி அப்பியிருந்த கிரீஸ்.
துடைக்க ஒரு பழைய யூனிபார்ம் போதவில்லை.

வில்லின் முனை சொரசொரத்தது.
டயர் கடையிலிருந்து கொண்டுவந்த உப்புத்தாளில்
முகம் தெரியும்வரை தேய்த்தேன்.
புது கிரீஸ் கறுப்பு.
கண்ணுக்கு மை இடும் அளவே இட்டேன்,
கூடினால் உள்ளே டீசல் இன்ஜின்போலப் பற்றிக்கொள்ளும்.

அப்படியும் முதல் எட்டுக் குண்டுகள்
புகை கக்கிக்கொண்டுதான் போயின.
ஒன்பதாவதில் சத்தம் மாறியது.
அதுவரை தகர டப்பாவில் கரண்டி விழுந்தது;
இப்போது யாரோ தடித்த புத்தகத்தை மூடினார்கள்.
வேகமானி சொன்னது:
இருநூற்றுப் பத்து, பதினொன்று, பத்து, பத்து.
நொடிக்கு அத்தனை மீட்டர்.
பக்கத்து வீட்டு நாய் தலை தூக்கவில்லை.

ஈயக் குண்டுக்கும் இடுப்பு உண்டு, பாவாடை உண்டு.
பாவாடை நசுங்கியது நேராகப் போகாது.
ஒவ்வொன்றாக விளக்கில் திருப்பிப் பார்த்துத்
தராசில் வைத்தேன்.
ஐந்நூறில் நூற்றுநாற்பது கழிந்தன.
தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று மில்லிகிராம் நிற்பவற்றை மட்டும்
மாத்திரை டப்பாவில் தனியே போட்டேன்.

இனி இலக்குக்கு அட்டை.
அலமாரி மேல் கட்டுக்கட்டாக இருந்தன
இருநூற்றெழுபது கல்யாணப் பத்திரிகைகள்.
இங்கிலீஷ் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம்.
தமிழில் மோகாம்பரிக்கு ஒரு கால் விட்டுப்போய்
நான் மேகாம்பரி ஆகியிருந்தேன்.
திரும்ப அடித்துத் தருகிறோம் என்றார்கள் அச்சகத்தில்.
அதற்குள் தேவைப்படாமல் போயிற்று.

நல்ல தடிமன்.
ஓட்டை கிழியாமல் வட்டமாக விழும்.
அதைத்தான் சொல்ல வந்தேன்.

இருபத்தைந்து மீட்டர். பெஞ்சின்மேல் மணல் பை.
இறுக்கிப் பிடித்தேன், குண்டுகள் நாலு மூலைக்கும் போயின.
பிஸ்டன் பாயும்போது பின்னால் உதைத்து,
முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும் யந்திரம் இது;
அதுவரை குண்டு குழலுக்குள்ளேயே இருக்கும்.
விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்த வேண்டும்.
கிடத்தினேன்.
ஐந்து ஓட்டைகளையும் ஓர் ஐம்பது சென்ட் மூடியது.
திருப்பிப் பார்த்தால்
சத்தியசீலனின் தகப்பனார் பெயரைக் காணோம்.
சத்தியமாக, வட்டம் மறுபக்கத்தில்தான் வரைந்திருந்தேன்.

ஹேசல்மியர் அணைக்குப் பின்னால்
பெங்கு அம்மாவின் சோளக் கொல்லை.
ஊன்றிய விதையைக் கினிக்கோழிகள்
வரிசை தவறாமல் தோண்டித் தின்றுகொண்டிருந்தன.
"கறி உனக்கு. இறகு எனக்கு" என்று
வாளியோடு போய்விட்டாள்.

பெஞ்சுக்கு நாடித்துடிப்பு கிடையாது.
குப்புறப் படுத்த பிறகுதான் தெரிந்தது.
குறுக்குக்கோடு கோழியின் கழுத்தில்
ஏறி இறங்கியது,
ஏறி இறங்கியது,
எந்தக் கிரீஸும் அதை அடக்காது.
ஒன்றை விட்டேன். புல் அசைந்தது, இன்னொன்றையும் விட்டேன்.
மூன்றாவது நின்று தலையைத் திருப்பியது.
நீலத் தலை. உச்சியில் எலும்புக் கொம்பு.
மூச்சு முடிந்து அடுத்தது தொடங்காத இடத்தில்
புத்தகம் மூடிற்று.

மற்றவை ஓடின.
கொஞ்ச தூரத்தில் நின்றன.
பிறகு வந்து, விட்ட குழியிலிருந்து தின்னத் தொடங்கின.

குக்கரில் ஆறு விசில். அப்படியும் கழுத்து வேகவில்லை.
பிரகலாதன் கடித்து, முகம் சுளித்து,
தட்டில் துப்பினான். டிங்.
"அக்கா, உன் சாமான்."

கழுவித் துடைத்துத் தராசில் வைத்தேன்.
பாவாடை இல்லை, இடுப்பு இல்லை,
நசுங்கிய ஒரு சாம்பல் பருப்பு.
தொள்ளாயிரத்து இருபத்தொன்று.
மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன்.
தொள்ளாயிரத்து இருபத்தொன்று.

குழலில் கொஞ்சம் இருக்கலாம்.
எலும்பில், குழம்பில்,
இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்கிறானே
இவனுக்குள் இருக்கலாம்.

ஒரு பத்திரிகையின் பின்பக்கம்
தேதி, காற்று, தூரம் எழுதினேன்.
எடைக்கு நேரே இரண்டு எண்கள்.
அட்டைகள் இன்னும் இருநூற்றைம்பத்தெட்டு இருக்கின்றன.