தவளை விரல், 41

கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியில்
பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
நாற்பத்தொரு குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு தவளையின் விரல்நுனி,
மிச்சமெல்லாம் எத்தனால்.

ஸ்பிரிட்டா என்று மோந்து பார்த்தார் கலால்காரர்.
அனுமதிக் கடிதத்தில்
முத்திரை மழையில் கரைந்திருந்தது.

நெல்லியாம்பதித் தவளையும்
சிறுவாணித் தவளையும்
ஒன்றா வேறா என்பதுதான் சார் என் எம்.எஸ்ஸி.
நடுவில் இந்தக் கணவாய்.
பார்க்க ஒரே பச்சை,
கூப்பிடும் குரல் மட்டும்
அந்த மலையில் இரண்டு தட்டு,
இந்த மலையில் மூன்று.
லட்சம் லட்சம் வருஷமாக
ஒன்றுகூட இதைக் கடந்ததில்லை.

‘ஒரு நாளைக்கு நானூறு லாரி கடக்குது’
என்றபடி பதிவேட்டில் எழுதினார்:
தவளை விரல், 41. விற்பனைக்கல்ல.

‘இது கழிஞ்சா ஜோலி கிட்டுமோ?’

பஸ் ஹாரன் அடித்தது.

அம்பராம்பாளையம் தாண்டி எண்ணினேன்.
நாற்பது.
பதிவேட்டில்
நாற்பத்தொன்றும் கடந்துவிட்டன.