நாலு தசம் மூன்று ஒன்று

பதினொரு கல்லையும் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்து
நூற்றுமுப்பத்தெட்டில் நின்றபடியே
தும்முல்லைவரை கொண்டுவந்தார் முஸம்மில்.
"தொரமல்லி, மிஸ். எலஹெர மண்.
பச்சை இருண்டு கிடக்கு. சூடு காட்டினா தெளியுமாம்.
பத்து உங்கட படிப்புக்கு,
ஒண்டு எண்ட மகள்ட காதுக்கு."

சிர்க்கோன் என்றேன். சிரித்தார்.
செட்டியார் தெருவில் ஐந்நூறு ரூபாய்க்கு மின்னுகிற
பொய் வைரமா?
இல்லை, அது சிர்க்கோனியா, உலை பெற்றது.
இது மலை பெற்றது.
உறவில் இன்னொன்றும் உண்டு:
என் கடைவாய்ப் பல்லின் வெள்ளைத் தொப்பி,
பம்பலப்பிட்டியில், ஒன்பது மாதத் தவணையில்.
அதை நான் சொல்லவில்லை.

எக்ஸ்கதிர் இயந்திரம் வியாழக்கிழமை மட்டும் எங்களுக்கு.
படிகமென்றால் திரையில் ஊசி ஊசியாய் எழும்பும்.
இதற்கு எழும்பவில்லை.
அலை வழித்துப்போன மணல்போல ஒரு தாழ்ந்த மேடு,
அவ்வளவுதான்.

வெளியே முகங்கள் கூர். விளிம்புகள் நேர்.
உள்ளே ஒருவரும் தன் இடத்தில் இல்லை.
ஐம்பத்தைந்து கோடி வருடம்
வாடகைக்கு இருந்த யுரேனியம் ஒவ்வொன்றாய் உடைந்து,
உடைந்த ஒவ்வொன்றும் பின்னுக்கு உதைத்து,
அயலார் ஆயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள்.
இடப்பெயர்ச்சி என்றுதான் பாடநூலும் சொல்கிறது.
அந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது
பேனா கொஞ்சம் நிற்கும்.
பிறகு எழுதும்.

ஆயிரத்து முன்னூறு பாகை. பதினாறு மணித்தியாலம்.
சூடென்பது வேறொன்றுமில்லை,
தள்ளப்பட்டவர் திரும்பி நடக்கக்
கால் கொடுப்பது.
இரவு எட்டு இருபத்துநாலுக்கு ஆளியை அழுத்தினேன்.
சிறிபால உலைக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக்
கிரிக்கெட் கேட்டார்.

இரண்டு நாற்பதுக்குத் தேர்ஸ்டன் வீதி இருண்டது.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை,
டீசலுக்கு வரிசை,
வரிசைக்கு டோக்கன்,
டோக்கன் கொடுக்கிறவர் ஊருக்குப் போய்விட்டார்.
உலையின் சின்னக் கண் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்கு,
பிறகு பீடி நுனிக்கு,
பிறகு கடல் ஓரத்து ரயில் சத்தத்துக்கு.
"அப்பராதே" என்றார் சிறிபால.
தன் போர்வையை உலையில் சுற்றப் போனவரைத்
தீப்பிடிக்கும் என்று தடுத்தேன்.

காலையில் ஒரு கல் நடுவால் பிளந்திருந்தது.
மற்றப் பத்தும் பச்சையுமில்லை, வைக்கோலுமில்லை,
ஊறவைத்த பயறின் நிறம்.
பழக்கதோஷத்தில் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன்.
அடர்த்தி நாலு தசம் மூன்று ஒன்று.

என் அட்டவணையில் நாலு தசம் பூச்சியம் இருந்தது,
நாலு தசம் ஆறு இருந்தது.
நடுவில் இரண்டு வருடமாய் ஒரு வெற்று வரி.
போகும்போது பார்த்திருக்கிறேன், வந்துசேர்ந்தபோது பார்த்திருக்கிறேன்,
வழியில் பிடித்ததில்லை.
வியாழக்கிழமை, மேட்டின்மேல் இரண்டு ஊசி,
நிமிர்ந்தும் நிமிராமலும்.

"ஏன் ஆறு மணியும் பதினாறு நிமிடமும்?"
பேராசிரியர் வீரக்கொடி ஓரத்தில் கேட்டிருந்தார்,
"இந்த எண்ணைத் தெரிந்தது யார்?"
மின்சார சபை, என்று எழுதினேன்.
வெட்டி, 'திட்டமிட்டபடி' என்று போட்டார்.
அதை நான் வெட்டினேன்.
இன்னும் தீரவில்லை.

முஸம்மில் பிளந்த கல்லைக் கையில் ஏந்திப் பார்த்தார்.
நான் விலையை யோசித்துக்கொண்டிருந்தேன்,
பல்லுக்கே இன்னும் நாலு தவணை.
"ரெண்டு பாதியும் ஒரே நிறமா?"
ஓம்.
"அணிஞ்சா சுடாதே, அந்த யுரேனியம்?"
எண்ணியை வைத்துக் காட்டினேன். எப்போதாவது ஒரு டிக்.
"அப்ப ரெண்டு காதுக்கும் சரி."
தீப்பெட்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு ஓடினார்.

இரண்டை எடுத்து வைத்துவிட்டு
எட்டையும் மறுபடி உலைக்குள் அடுக்கியிருக்கிறேன்.
இன்று எங்கள் வலயத்துக்கு வெட்டு இல்லையாம்.
சிறிபால நம்பவில்லை.
டோர்ச்சுக்கு பட்டரி வாங்கப் போயிருக்கிறார்.