நான்கு டிகிரி

ஹால்டோரை அடக்கம் செய்துவிட்டுத்
தேவாலயத்தின் நிலவறைக்கு எல்லோரும் இறங்கியபோது
மணி பன்னிரண்டு பத்து.
குறித்துக்கொண்டேன்.
வேறு யாரும் குறிக்கமாட்டார்கள்.

மேசையில் கோழி சாலட் மூன்று கிண்ணம்.
சிக்ரூனுடையதில் செலரி அதிகம்,
தோராவுடையதில் திராட்சை,
மூன்றாவது யாருடையதென்று தெரியவில்லை.
மூன்றையும் ஹால்டோர் தொட்டிருக்கமாட்டார்.

இரண்டு மணிக்கு எடுக்கத் தொடங்கினேன்.
"இன்னும் ஜில்லென்றுதானே இருக்கிறது, ஓட்னி?"
என்றாள் சிக்ரூன், உள்ளங்கையைக் கிண்ணத்தில் வைத்து.
இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்.
துக்கத்துக்கென்று கூடுதல் நிமிடம் கிடையாது.

எப்போது வெளியே வந்ததென்று தெரியாத மூன்றாவது
நேராகக் குப்பைக்குப் போனது.
மற்றதைத் தட்டையான டப்பாக்களில் பரப்பினேன்.
குவித்து வைத்தால்
நடுவில் சூடு ஒளிந்துகொள்ளும்.
மூடியில் நாடா ஒட்டி எழுதினேன்:
வியாழன். ஞாயிறோடு சரி.
முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது,
எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

ஊசிப்போனதைக் கண்டுபிடிக்க
நான் ஒருத்தி வேண்டியதில்லை.
ஓரத்தில் நீர் பிரிந்து நிற்கும்,
கரண்டியைத் தூக்கினால் நூல் விடும்,
கோழி சாம்பல் பூத்து வழவழக்கும்,
மூடியைத் திறந்ததும் புளிப்பு முகத்தில் அறையும்.
அது யோக்கியமான கேடு.
வாசலில் நின்று
பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வருகிறது.

மற்றது அப்படியில்லை.

தொண்ணூற்றொன்று, ஜூலை,
விண்ணிப்பெக் ஏரிக்கரை, முப்பத்து நாலு டிகிரி.
வழியில் டயர் பஞ்சர்.
ஐனார் திட்டினான், நான் திட்டினேன்,
பிறகு யாரும் பேசவில்லை.
காரின் பின்பெட்டியில் என் கிண்ணம்
ஒன்றரை மணி நேரம்.
போய்ச் சேர்ந்ததும் திறந்து முகர்ந்தேன்.
எலுமிச்சை. டில் தழை.
அவ்வளவு நல்ல வாசனை
அதற்குப் பிறகு நான் செய்த எதிலும் வரவில்லை.
கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இரவுக்குள் பதினோரு பேர்.
வெயில் என்றார்கள், ஏரித் தண்ணீர் என்றார்கள்,
நானும் வெயில் என்றேன்.
யோனாசன் வீட்டுப் பையனுக்கு ஆறு வயது,
மூன்று நாள் மருத்துவமனை.
என் சாலட் ஊசவில்லை.
ஊசி அவன் கையில் ஏறியது.
வாழ்த்து அட்டை ஒன்று அனுப்பினேன்,
கரடி பலூன் பிடித்திருக்கும் படம்.
உள்ளே எழுத எதுவும் வரவில்லை.
கையெழுத்து மட்டும் போட்டேன்.

டப்பாக்களை அடுக்கி முடிக்கையில்
குளிர்பெட்டி ஒரு மாதிரி முனகியது.
வெப்பமானியில் ஒன்பது.
எல்லாவற்றையும் இழுத்துப் பனிக்கட்டியில் புதைத்துவிட்டுப்
போன் செய்தேன்.

வந்தவன் டெரிக் யோனாசன்.
உச்சியில் வழுக்கை, முழங்காலில் திண்டு,
பழகிய கையால் பின்பலகையைக் கழற்றினான்.
விசிறியை மாற்றினான்.
பெட்டி குளிரும்வரை
தலைகீழாய்க் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
ஹாக்கி பற்றிப் பேசினான்.
பேசப் பேச நான் அவன் இடது மணிக்கட்டைப் பார்த்தேன்,
அங்கே என்ன தெரியும்?

"நாலு," என்றான் எழுந்து. "இனி கவலையில்லை."
பிறகு பனிக்கட்டியைப் பார்த்து,
"அது கோழி சாலட்டா?"

ரொட்டியில் வைத்துக் கொடுத்தேன்.
எப்போது செய்தது என்று கேட்பான்,
எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று கேட்பான்,
கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்
என்று காத்திருந்தேன்.
அவன் கடுகு இருக்கிறதா என்று கேட்டான்.

அன்றிரவு போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்தேன்.
யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை ரசீது வந்தது.
விசிறி மோட்டார் ஒன்று,
வேலை ஒன்றேகால் மணி நேரம்.
கீழே, வேறு ஒரு வார்த்தையும் இல்லாமல்,
அவன் கையெழுத்து.