ஜ இடம்மாறிய கிழமை

போயா தினம், ஆளில்லாத ஒபிசில்
கம்ப்யூட்டருக்குப் புது சிஸ்டம் ஏற்றினேன்.
முந்நூற்றுப் பதினேழு பேரின் செக்ரோல்
ஓர் எழுத்தும் சிந்தவில்லை, எண்ணிப் பார்த்தேன்.
பொகவந்தலாவையிலிருந்து கடைசி பஸ்.
நோர்வுட் வரைக்கும் நல்ல தூக்கம்.

மறுநாள் செவ்வாய். கொழுந்து மடுவத்தில்
ஜெபமாலையின் பதினெட்டுக் கிலோ.
பெயரை அடித்தால், இல்லை.
திரும்ப அடித்தால்
அப்படி ஒருவர் இல்லை.
பெயர் கிடைக்காவிட்டால் பேர் விழாது,
பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை.
இருபத்தொரு வருடம் இந்த மலையில் நிரை பிடித்தவள்
படங்கை இறுக்கிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள்:
"நல்லாத் தேடுங்க மிஸ், உள்ளுக்குத்தான் கெடப்பேன்."

ஜெயந்திமலர் இல்லை. ஜோசப்பின் இல்லை.
சரோஜினி இருந்தாள். ஞானம்மா இருந்தாள்.
வியாழன் இரவுதான் எனக்கு உறைத்தது.

பழைய சிஸ்டத்தில் ஜ, ச-வுக்குப் பக்கத்துக் காம்பரா.
புதியது இலக்கணம் படித்து வந்திருக்கிறது:
வடவெழுத்தெல்லாம் ன-வுக்கும் பின்னால்,
லயத்தின் கடைசியில்.
அட்டவணை மட்டும் பழைய கணக்கில் கட்டியது.
தேடிப் போகிறவன்
நடுவில் மாரிமுத்துவின் கதவைத் தட்டுகிறான்:
ஜ உனக்கு முன்னாலா, பின்னாலா?
பின்னால் என்கிறது விதி. நடக்கிறான்.
ஷண்முகவடிவின் வாசலில் பாதை முடிகிறது.
அங்கே இல்லையென்றால் எங்கேயும் இல்லை.
அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

அட்டவணையை நம்பாதே,
முதல் வரியிலிருந்து ஒவ்வொருவராய்ப் பார் என்றேன்,
பெரட்டுக்களத்தில் கூப்பிடுவதுபோல.
நூற்று நாற்பத்திரண்டாம் வரியில் இருந்தாள்,
அசையாமல், ஈபிஎஃப் இலக்கத்தோடு.

இதற்குள் திலக்ஷன்,
மடுவத்தில் வரிசை நீள்வது பொறுக்காமல்
புதனன்றே அவளைப் புதிதாய்ச் சேர்த்திருந்தான்.
ஒரே பெயரை இரண்டு தரம் ஏற்காத எந்திரம்
காலி வாசலைப் பார்த்துவிட்டுச் சரி என்றிருக்கிறது.
வெள்ளி இரவு, அட்டவணையை இடித்துத்
திரும்பக் கட்டும்போதுதான் மறுத்தது.

ஒருத்திக்கு இருபத்தொரு வருடம்.
மற்றவளுக்கு மூன்று நாள், ஐம்பத்தொன்பது கிலோ.
இளையவளை அழிக்கவேண்டும்.
அவள் பறித்ததை உர ரசீதின் பின்பக்கம் எழுதி,
கணக்கப்பிள்ளை உள்ளங்கையில் குறித்துவைத்த
செவ்வாயின் பதினெட்டையும் கேட்டு வாங்கி
மூத்தவளின் கூடையில் கொட்டினேன்.
பிறகு ஒரு பொத்தான்.
யன்னலுக்கு வெளியே மூடுபனி, கொட்டாஞ்சத்தம் எதுவுமில்லை.

சனிக்கிழமை சொன்னேன், எனக்கு விளங்கியமட்டும்.
வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.
"நான் ரெண்டு ஆளா இருந்த மூணு நாளும்
ரெண்டு பேர் விழுந்திச்சா மிஸ்?"

விழவில்லை.

"அப்ப என்னாத்துக்கு" என்று தள்ளி நின்றாள்.
பின்னால் ஜோசப்பின், தராசில் கொழுந்து.
ஜோ என்று அடித்தேன்,
விரலை எடுக்காமல் காத்திருந்தேன்.